கேரவனுக்குப் பழைய டயர்

தோஹா தொழில்பேட்டையில் டயர்க் கடை ஒன்றில் பஞ்சர் ஒட்டக் காத்திருந்தேன். பக்கத்தில், காரின் பின்னால் மாட்டி இழுத்துப் போகும் கேரவன் ஒன்று நின்றது. அதன் அருகே ஒருவர் திடீரென்று கத்தினார்.

"நான் என்ன அண்டா குண்டாவாடா?"

அவர் ஒரு வீட்டுச் சமையல்காரர். எதிரே நின்றவர் அதே வீட்டு டிரைவர். கஃபீலின், அதாவது அரபி முதலாளியின், காருக்குப் புது டயர் போட்டுவிட்டு, அதிலிருந்து கழற்றிய பழைய டயர்களைக் கேரவனுக்கு மாட்டக் கடைக்காரரிடம் சொல்லியிருந்தார் டிரைவர்.

"கஃபீல் சொன்னதத்தாண்ணே செய்றேன். கேரவன்ல ஆளா போவுது, சாமான்தானேன்னாரு."

"அந்தச் சாமான் உருளாம பிடிச்சுக்கிட்டு, அவரு வேட்டைக்குப் போற பாலைவனம் வரைக்கும் உள்ள உக்காந்து வர்றது யாரு?"

"டயர் தேயவே இல்லண்ணே."

"பக்கவாட்டுல பாரு. வெயில்ல பாளம் பாளமா வெடிச்சுக் கெடக்கு. வழியில வெடிச்சா கேரவன் குட்டிக்கரணம் அடிக்கும். இந்தத் தடவ நான் கார்லதான் வருவேன்."

"கார்ல எடமில்லண்ணே. பின்னாடி கஃபீலோட ஆளுங்க, முன் சீட்டுல அவரோட வேட்டைப் பருந்து வருது."

சமையல்காரர் டிரைவரின் சட்டைப்பையிலிருந்த போனை உருவி அவர் கையிலேயே திணித்தார்.

"பருந்து இந்தத் தடவ கேரவன்ல வருதுன்னு கஃபீல்கிட்ட சொல்லு. அந்தாளே ஓடியாந்து புது டயர் மாட்டுவான்!"