மணி ஒலித்ததாகப் போட்ட கையெழுத்து

என் பெயரையும் முகவரியையும் முதல் தாளில் எழுதிக் கொடுத்திருக்கிறேன். வயது நாற்பத்தாறு. கல்லூரியில் கணிதம் படித்தேன். பொது மருத்துவமனையின் கணினிப் பிரிவுக்குப் பதினோரு ஆண்டுகளாகப் பொறுப்பாளர். நான்காம் வார்டுச் செவிலியரை நேற்று கைது செய்ததாகக் கேள்விப்பட்டு, யாரும் அழைக்காமல், இன்று காலை நானாகவே நிலையத்துக்கு வந்து இதைச் சொல்கிறேன்.

எங்கள் வார்டுகளில் சுவரின் உச்சியில் ஒரு திரை உண்டு. இரத்தப் பரிசோதனையில் உயிருக்கு ஆபத்தான அளவு தெரிந்தால் லேபில் இருப்பவர் ஒரு பொத்தானை அழுத்துவார். உடனே வார்டுத் திரையில் சிவப்புப் பட்டை தோன்றி மணி ஒலிக்கும். இது வந்த பிறகு, லேபிலிருந்து போன் செய்து சொல்லும் பழைய வழக்கம் நின்றுவிட்டது. திரையில் ஓடுவது சாதாரண இணையப் பக்கம். அதைத் திறக்க ஒரு பிரவுசர் போதும். தினமும் காலை ஏழு மணிக்கு லேபிலிருந்து சோதனை மணி அனுப்புவார்கள். அப்போது பட்டை பச்சையாக மின்னும். மணி ஒலித்தது என்று செவிலியர் பதிவேட்டில் கையெழுத்திட வேண்டும்.

சென்ற ஆண்டு வரை, ஒரு நிறுவனத்துக்கு ஆண்டுக் கட்டணம் செலுத்தி, அவர்கள் பராமரிப்புத் தரும் பிரவுசரை வைத்திருந்தோம். ஒப்பந்தம் முடியும் சமயத்தில் நடந்த கூட்டத்தில், எல்லோரும் வீட்டில் வைத்திருக்கும் இலவச பிரவுசருக்கே மாறிவிடலாம் என்று நான் சொன்னேன். கொள்முதல் அதிகாரி ஒப்புக்கொள்ளவில்லை. "நாளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா யார் சட்டையைப் பிடிக்கறது?" என்று கேட்டார். "மூணு வருஷமா பிடிச்ச சட்டைதானே சார். எப்பக் கூப்பிட்டாலும் ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்கன்னாங்க. அதைச் சொல்ல நான் போதாதா?" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். ஆனால் ஆறு மாதத்துக்குள் மூன்று புகார் பதிவானால் பழைய ஒப்பந்தத்துக்கே திரும்புவது என்று கூட்டக் குறிப்பில் எழுத வைத்தார்.

ஐந்தாம் மாத முடிவில் இரண்டு புகார்கள் பதிவாகியிருந்தன. இரண்டும் எழுத்து சிறிதாகத் தெரிகிறது என்பது போன்றவை.

சம்பவம் நடந்தது ஆறாம் மாதத்தில், ஒரு செவ்வாய்க்கிழமை. அதற்கு முந்தின நாள் பிரவுசர் தானாகவே அப்டேட் ஆகியிருக்கிறது. புதிய பதிப்பில், பக்கம் திறந்த பிறகு யாராவது அதன்மேல் ஒரு முறை கிளிக் செய்தால்தான் ஒலி வரும். உச்சியில் தொங்கும் திரையில் யார் கிளிக் செய்வார்கள்? இந்த மாற்றம் எனக்கு அன்று தெரியாது.

காலை ஏழு பன்னிரண்டுக்குச் செவிலியர் உள்போனில் அழைத்தார். "அக்கா, பச்சை மின்னிட்டுப் போச்சு, மணி சத்தமே வரல" என்றார். பச்சை வந்தால் மணியும் வந்த மாதிரிதான், ஆஃப் பண்ணி ஆன் பண்ணிப் பாரும்மா என்று சொன்னேன். "பிளக்கு மேல இருக்கு. நான் என்ன ஏணி வெச்சா ஏறுறது?" என்று கேட்டார். நான் சிரித்தேன். பதிவேட்டில் என்ன எழுதுவது என்று கேட்டார். "கையெழுத்துப் போட்டுடு, நான் வந்து பாக்கறேன்" என்று சொன்னேன். அதன் பிறகு என் குறிப்பேட்டில் 'வார்டு 4, சத்தம், பிறகு' என்று எழுதிக்கொண்டேன். புகார்ப் பதிவில் ஏற்றவில்லை. ஏற்றியிருந்தால் அது மூன்றாவது. நான் போகவும் இல்லை.

பத்து நாற்பதுக்கு, ஒன்பதாம் படுக்கை நோயாளியின் இரத்தத்தில் பொட்டாசியம் அளவு மீறியதாக லேபில் பொத்தானை அழுத்தினார்கள். சிவப்புப் பட்டை முப்பத்தைந்து நிமிடம் சத்தமில்லாமல் இருந்தது. செவிலியர் அப்போது கோடிப் படுக்கையில், மறைப்புத் துணிக்குள், வேறொருவரின் காயத்துக்குக் கட்டு மாற்றிக்கொண்டிருந்தார். வார்டில் அவர் ஒருவர்தான். வெளியே வந்து பார்த்தபோது ஒன்பதாம் படுக்கைக்காரருக்கு நாடி இல்லை. டாக்டர்கள் வந்து முயன்றும் பலனில்லை.

அதன் பிறகு என்னை அழைத்தார்கள். எலக்ட்ரீஷியன் ஏணி கொண்டுவந்தார். நான் ஏறி, மவுஸைச் சொருகி, பக்கத்தின் மேல் ஒரு முறை கிளிக் செய்தேன். மணி ஒலிக்கத் தொடங்கியது. வாசலில் உட்கார்ந்து கணவரின் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்த இறந்தவரின் மனைவி நிமிர்ந்து பார்த்தார்.

எட்டு நாள் முன்பு மருத்துவமனை விசாரணை நடந்தது. மணி ஒலித்ததாகக் கையெழுத்து இருக்கிறது, ஆகவே மணி வேலை செய்திருக்கிறது, கவனிக்காதது செவிலியர் குற்றம் என்றார்கள். எனக்குப் போன் செய்ததாக அவர் சொன்னார். உள்போனுக்குப் பதிவு கிடையாது. என்னைக் கேட்டார்கள். ஞாபகம் இல்லை என்றேன். "ஏணின்னு சொன்னேனே அக்கா, சிரிச்சீங்களே" என்றார். அப்போதும் ஞாபகம் இல்லை என்றுதான் சொன்னேன். அது பொய். குறிப்பேட்டின் அந்தப் பக்கத்தை இத்துடன் ஒப்படைக்கிறேன்.

காசு கொடுத்துப் பராமரிப்பு வாங்கியிருந்தால் அந்த நோயாளி பிழைத்திருப்பாரா என்று ஆய்வாளர் கேட்டதற்கு, உறுதியாகச் சொல்ல முடியாது என்கிறேன். பிரவுசரில் வரப்போகும் இந்த ஒலி மாற்றத்தைப் பற்றிய அறிவிப்பு ஆறு வாரம் முன்பே எனக்கு மின்னஞ்சலில், இலவசமாக வந்திருந்தது, நான் திறக்கவில்லை. அந்த நிறுவனத்தார் மூன்று ஆண்டில் ஒரு முறைகூட அவர்களாக என்னைக் கூப்பிட்டதில்லை. ஒன்று மட்டும் சொல்லலாம். ஒப்பந்தம் இருந்திருந்தால் செவிலியர் அவர்களுடைய எண்ணுக்கு அழைத்திருப்பார். எடுத்தவன் முன்பின் தெரியாதவனாக இருந்திருப்பான், அவனும் ஆஃப் பண்ணி ஆன் பண்ணச் சொல்லியிருப்பான், ஆனால் ஒரு புகார் எண்ணைக் கொடுத்திருப்பான். தன் பேச்சு கூட்டத்தில் ஜெயிக்க வேண்டும் என்ற கவலை அவனுக்கு இருந்திருக்காது. கையெழுத்துப் போடு என்று சொல்லியிருக்க மாட்டான்.

செவிலியரின் மேல் எனக்குப் பகை எதுவும் இல்லை. அவருக்கு ஆறு வயதில் ஒரு மகள் இருக்கிறாள். விசாரணை நாளன்று அவள் வராந்தாவில் என் பக்கத்தில் உட்கார்ந்து, அம்மா எப்போது வருவாள் என்று கேட்டாள். இதோ வந்துவிடுவாள் என்றேன்.

மேலே உள்ளவற்றை எனக்குப் படித்துக் காட்டினார்கள். ஓரிடத்தில் 'கையெழுத்திடுமாறு ஆலோசனை கூறினேன்' என்று இருந்ததை, 'சொன்னேன்' என்று திருத்தச் சொன்னேன், திருத்தினார்கள். மற்றபடி எல்லாம் நான் சொன்னபடியே இருக்கிறது, நடந்ததும் இதுவே. யாருடைய வற்புறுத்தலும் இல்லாமல், என்ன எழுதியிருக்கிறது என்று தெரிந்தே, இதில் கையெழுத்திடுகிறேன்.

(ஒப்பம்)
கணினிப் பிரிவுப் பொறுப்பாளர்