ஆற்றில் விழுந்த பாலத்துக் கல்

அருள்நேசன்: சொல்லுறன் வேதவல்லி... முதல்ல இருக்க விடும்.

வேதவல்லி: சொல்லிப்போட்டு இருங்கோ. கவுன்சில்காரர் பொலிசைக் கூப்பிட்டவையே?

அருள்நேசன்: இல்லை.

வேதவல்லி: அப்ப ஹோம் ஒஃபிசுக்கு எழுதப் போகினமோ? எண்பத்தாறில இந்த நாட்டுக்கு வந்து, அஞ்சு வருசமா விசாவுக்குக் காத்திருக்கிறம்...

அருள்நேசன்: இல்லையப்பா! நானாய்ப் போய்ச் சொன்னபடியால் கேஸே போடேல்லையாம்.

வேதவல்லி: முருகா! லொறியால பாலத்தை இடிச்ச மனிசனுக்கோ?

அருள்நேசன்: பாலத்தை இல்லை, கைப்பிடிச் சுவரை. ஒரு கல்லுத்தானே ஆத்துக்குள்ள விழுந்தது...

வேதவல்லி: அறுநூறு வருசக் கல்லு! லொறி ஏறக்கூடாதெண்டு போர்ட் கிடக்கெல்லே?

அருள்நேசன்: மழையில காணேல்லையப்பா... அந்த ஆத்தில அந்தக் காலத்துப் பாலம் அது ஒண்டுதான் மிச்சமாம். சட்டம் போட்டுக் காக்கினம். கவுன்சிலே நினைச்சாலும் பெர்மிஷன் இல்லாமல் ஒரு கல்லை அசைக்கேலாதாம்.

வேதவல்லி: நீங்கள் பெர்மிஷன் இல்லாமலே அசைச்சுப் போட்டியள்.

அருள்நேசன்: பகிடி விடாதேயும். கவுன்சிலில ஒரு பொம்பிளை ஒஃபிசர், அவவோட ஆத்தங்கரைக்குப் போய், விழுந்த இடத்தைக் காட்டினனான். சேத்துக்குள்ள இருந்து எடுத்தாச்சு. உடையேல்லை!

வேதவல்லி: உண்மையாவோ?

அருள்நேசன்: ஓம். அடிப்பக்கம் சின்னதா ஒரு மீன் உருவம் செதுக்கியிருக்கு. கல்லுக் கொத்தினவன் தன்ர அடையாளமா வைச்சதாம். அவ குழந்தைப்பிள்ளையைத் தடவுற மாதிரித் தடவினவ... புதுக்கல்லு வைச்சால் அது பழைய பாலமில்லையாம். இதே கல்லை, இதே இடத்தில திருப்பி வைப்பினமாம்.

வேதவல்லி: பிறகேன் முகம் இப்பிடிக் கிடக்கு?

அருள்நேசன்: ஒண்டுதான் விளங்கேல்லை... நான் போகமுந்தியே அவைக்கு என்ர பேர் தெரியும்.

வேதவல்லி: தேத்தண்ணி ஆறுது, குடியுங்கோ.

அருள்நேசன்: பொறும். திங்கக்கிழமை ஆரோ ஒரு பொம்பிளை போன் எடுத்து, என்ர பேரைச் சொல்லி, ‘அவர் பயந்துபோய் இருக்கிறார், ஆனால் தானே வந்து சொல்லுவார், வெள்ளிமட்டும் பொறுங்கோ’ எண்டவவாம். நான் உமக்கே இண்டைக்குக் காலமைதானே சொன்னனான்...

வேதவல்லி: லொறிக் கண்ணாடி உடைஞ்சு கிடந்தது. பேப்பரில பாலத்தின்ர படம் வந்தது. எனக்கு விளங்காதோ?

அருள்நேசன்: விளங்கினால் என்னட்டை ஏன் ஒரு சொல்லுக் கேக்கேல்லை, வேதவல்லி?

வேதவல்லி: உங்கட கோட்டுப் பையில கிளாஸ்கோ பஸ் டிக்கெட் ஒண்டு கண்டனான். ஒராளுக்கு... போக மட்டும். கேட்டால் ஓடிப்போடுவியள் எண்டுதான், டிக்கெட்டைக் கிழிச்சுப்போட்டு அவைக்குப் போன் எடுத்தனான்.