ஸ்கிராப்புக்குப் போகும் கார்

லிட்டில் இந்தியாவில் ரயில் ஏறிய அக்காவும் தம்பியும் எனக்கு எதிரே உட்கார்ந்தார்கள். பேச்சு முழுக்க அக்காவின் பழைய ஸ்போர்ட்ஸ் காரைப் பற்றித்தான். அவள் மடியில் புதிதாக வாங்கிய தடித்த கறுப்பு வயர்.

"அடுத்த வாரம் சிஓஇ பர்மிட் முடியுது, அப்புறம் ரோட்டுல எடுக்கவே கூடாது. ஸ்கிராப்புக்குப் போற காருக்கு எதுக்குக்கா வயரு?"

"ஸ்டார்ட் ஆக மாட்டேங்குதே."

"காலைல ஆச்சுல்ல?"

"காலைல ஆகும். ஓடி சூடாயிட்டா சாவியத் திருப்பினதும் டிக்குன்னு ஒரு சத்தம், அவ்வளவுதான். பேட்டரி மாத்திட்டேன், ஸ்டார்ட்டர் மாத்திட்டேன். மிச்சம் எர்த் வயருதான்."

"ஆள் வந்து இழுத்துட்டுப் போவான் லா. எப்படியும் நொறுக்கத்தான் போறாங்க."

செங்காங் நிலையம் வந்தது. அக்கா வயரைத் தோளில் மாட்டிக்கொண்டு எழுந்தாள்.

"நொறுக்கட்டும். ஸ்கிராப் யார்டு வாசல் வரைக்கும் அது ஓடித்தான் போகணும்."