நூற்றைந்து டிகிரி

இரவு நான் கவிழ்த்து வைத்த இடத்திலேயே காலையில் என் காபி டம்ளர் இருக்க வேண்டும். பெரிய ஆசை ஒன்றும் இல்லை. நகரின் அடுகோடிப் பகுதியில் ஒற்றை அறையை வாடகைக்கு எடுத்தபோதுதான் அது எனக்குக் கிடைத்தது. நடந்துகொண்டே சொல்கிறேனே, இன்ஸ்பெக்டர். உட்கார்ந்தால் கால் தன்பாட்டுக்கு ஆடுகிறது.

மௌரீன் என் அக்கா. அப்பா விட்டுப்போன காக்ஸ் டவுன் வீட்டில் இருந்தாள். சுண்ணாம்புச் சாந்து வைத்துக் கட்டிய பழைய வீடு. நாற்பது வயதுவரை நானும் அங்கேதான் இருந்தேன். என் டம்ளரை இடம் மாற்றுவாள். நான் மடித்த துணியை மறுபடி மடிப்பாள். குளியலறைக் கதவைத் தட்டி, இன்னும் என்ன பண்ணுகிறாய் என்பாள். கெட்டவள் இல்லை. நான் கிளம்பிய அன்று வாசலில் நின்று, "உனக்கு நெஞ்சுல ஈரமே இல்லடி அல்போன்சா" என்றாள். சொல்லிவிட்டுச் சிரித்தபடி மீன் குழம்பு டப்பாவைக் கையில் திணித்தாள்.

போன வருடம் அவளுடைய படுக்கையறைச் சுவரின் அடிப்பக்கம் உப்பி உதிர ஆரம்பித்தது. ஒரு கட்டியை ஐஸ்கிரீம் டப்பாவில் போட்டு என் ஆய்வகத்துக்கே கொண்டுவந்துவிட்டாள். பழைய சாந்துகளைச் சோதிப்பது என் வேலை. பொடியில் ஒரு சிட்டிகை எடுத்துச் சூடாக்கிக்கொண்டே போவோம். எந்தச் சூட்டில் எவ்வளவு எடை குறைகிறது என்று இயந்திரம் கோடு போடும். நல்ல சுண்ணாம்பு அறுநூறு, எழுநூறு டிகிரிவரை அசையாது. அதற்குப் பிறகுதான் தான் பிடித்து வைத்திருக்கும் கரியமில வாயுவை விடும். கெட்டு ஜிப்சமாக மாறியிருந்தால் நூற்றைம்பதுக்குள்ளேயே நீரை விட்டுவிடும். அந்தச் சாந்து நனைந்தால் சுவரைத் தாங்காது.

"டெஸ்ட் பண்ணிப் பாருடி. மோசம்னா வீட்டைப் பூட்டிட்டு உன் ரூமுக்கே வந்துடறேன். எனக்கொரு கட்டில் போட இடம் இருக்குல்ல?"

"இருக்குக்கா."

"உன் சாமானை எல்லாம் ஒழுங்கா அடுக்கித் தரேன். குப்பை மாதிரிதானே வெச்சிருப்ப."

முதல் சோதனையில் நூற்றைம்பதுக்கு முன்பே கோடு சரிந்தது. எழுநூறுக்கு மேல் சரிய வேண்டியது கொஞ்சம்தான் சரிந்தது. எழுந்து நடைவழியின் கோடிவரை போனேன், வந்தேன், மறுபடி போனேன். பிறகு மீதிப் பொடியை ஓவனில் நூற்றைந்து டிகிரியில் வைத்துவிட்டு வீட்டுக்குப் போனேன். பழைய சாந்தை நாற்பதுக்கு மேல் உலர்த்தக் கூடாது. உலர்த்தினால் ஜிப்சத்தின் நீர் ஓவனிலேயே போய்விடும். கெட்டது கோட்டில் தெரியாது. புதிதாகச் சேருகிறவர்கள் செய்யும் தவறு இது. அதற்காக நானே பலரைத் திட்டியிருக்கிறேன்.

காலையில் ஓவனைத் திறந்தவர் சுனில். எனக்கு அடுத்த மேசைக்காரர்.

"என்ன மேடம், ஃப்ரெஷர் மாதிரி நூத்தஞ்சுல வெச்சிருக்கீங்க? வயசாயிடுச்சா?"

"மறந்துட்டேன் சுனில். கொட்டிடறேன்."

கொட்டவில்லை. இரண்டாவது கோடு அறுநூறு தாண்டும்வரை அழகாக நேரே போனது. அதை அச்செடுத்துக் காக்ஸ் டவுனுக்குக் கொண்டுபோனேன். முதல் கோடு இன்னும் கணினியில் இருக்கிறது. குற்றம் செய்தவள் என்றால் அதை அழித்திருப்பேன்.

மௌரீன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு கோட்டை விரலால் தடவிப் பார்த்தாள்.

"அப்ப சுவரு நல்லாருக்கா?"

"நல்லாருக்கு."

"அப்படின்னா கட்டிலை அந்தச் சுவரோரமாத் தள்ளிடலாம். ஜன்னல் காத்து வரும். ஒரு கை பிடிடி."

பிடித்தேன். தேக்குக் கட்டில், நல்ல கனம்.

மழை பிடித்தபோதெல்லாம் என்னால் ஓரிடத்தில் நிற்க முடியவில்லை. அவளுக்குப் போன் செய்வேன். சுவர் ஈரமாக இருக்கிறதா என்று கேட்பேன். "கொஞ்சம் இருக்கு. நீதான் நல்லாருக்குன்னியே" என்பாள். "ஆமாக்கா" என்று வைத்துவிடுவேன். இப்படி எத்தனையோ முறை. ஒரு நாள் அவள் மதியத் தூக்கத்தில் இருந்தபோது சுவர் அவள்மேல் விழுந்தது.

இப்போது என் டம்ளரை யாரும் தொடுவதில்லை. ராத்திரியில் நானே எழுந்து இடம் மாற்றி வைக்கிறேன்.

கொன்றாயா என்று கேட்டீர்கள். சுவர் நிற்காது என்று எனக்குத் தெரியும். கட்டில் எங்கே கிடந்தது என்றும் தெரியும். ஆமாம், கொன்றேன் என்றே எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் அவளிடம் காட்டிய கோடு பொய் இல்லை. அந்தச் சாந்தில் நான் எதையும் சேர்க்கவில்லை. ஈரத்தை மட்டும்தான் எடுத்தேன்.