வாய் பட்ட குழல்

என் பெயர் குழந்தைவேல். நெய்வேலி நகரியத்துப் பள்ளியொன்றில் முப்பத்து மூன்று ஆண்டுகள் இசையாசிரியராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவன். இப்போது பத்தொன்பதாம் வட்டத்தில், சுரங்கத்தில் பணிபுரியும் என் மகனுடைய குவார்ட்டர்ஸில் வசிக்கிறேன். காலையில் மூன்று முறை வாய் கொப்பளித்த பின்னரே புல்லாங்குழலைத் தொடுவேன். வாசித்து முடித்ததும் குழலின் உட்புறத்துக்கு ஒரு துணி, வெளிப்புறத்துக்கு ஒரு துணி, வாய் வைக்கும் துளைக்குத் தனியே ஒரு துணி. மூன்றையும் அன்றன்றே துவைத்து உலர்த்திவிடுவேன். கொடியில் காயும் வேட்டியிலும் கரித்தூள் படியும் ஊரில் இஃது ஒன்றும் மிகையன்று.

மாவட்டக் கல்வி அலுவலகத்து விசாரணை அலுவலர் மலர்கொடி அம்மையார், நடந்ததை என் கைப்பட எழுதித் தருமாறு கேட்டிருக்கிறார். ஆதலால் எழுதுகிறேன்.

மாவட்டத்துத் தனியார் பள்ளிகளின் இசையாசிரியர்களுக்கு ஆண்டுதோறும் மே மாதத்தில் பத்து நாள் பயிற்சி நடைபெறும். நான் அதன் கருத்தாளர்களுள் ஒருவன். இவ்வாண்டு இருபத்தாறு பேர் வந்திருந்தனர். முதல் நாள் காலையிலேயே, உடன் கருத்தாளரும் எனக்கு உறவுமுறையினருமான சிவசங்கர் என் குழலை எடுத்து ஓர் ஆலாபனை வாசித்துவிட்டு, எல்லோரும் கேட்கும்படி, "குழந்தைவேல் சார் வாசிக்கிறது அஞ்சு நிமிசம், தொடைக்கிறது அரை மணி நேரம்" என்றார். அனைவரும் சிரித்தனர். நானும் சிரித்தேன்.

அன்புக்கரசியை நான் அன்றுதான் கண்டேன். முப்பது வயதிருக்கும். அவள் வாசிப்பு நன்றாக இருந்தது. இதை மறைக்க வேண்டிய தேவை எனக்கில்லை. மூச்சு நீளம், சுரம் சுத்தம். "யாரிடம் பயின்றாய்?" என்று கேட்டுப் பாராட்டவும் செய்தேன். இரண்டாம் நாள் உணவு இடைவேளையில் அவளே வந்து, "சார், நாங்களும் உங்க ஊரு காடாம்புலியூருதாங்க. எங்கம்மா மாணிக்கம்மா, உங்க தம்பி முந்திரிக் கொட்டாயிலதான் இருவது வருசம் கொட்ட ஒடச்சாங்க. உங்க வூட்டு வாசல்ல நான் சின்னதுல உக்காந்துகினு இருப்பேன், நீங்க உள்ள வாசிப்பீங்க. அதக் கேட்டுத்தான் சார் எனக்கு இந்த ஆசையே வந்துச்சி" என்றாள்.

மகிழ்ச்சி என்று சொன்னேன். அன்று பிற்பகலில் அவள் வாசிப்பில் சில குறைகள் என் காதில் பட்டன.

நான்காம் நாள் வெயிலில் அவளுடைய குழல் நெடுக வெடித்துவிட்டது. அவள் வாசிக்கும் முறை வந்தபோது எழுந்து, "சார், உங்களுத ஒரு நிமிசம் குடுங்க. வாசிச்சிட்டு உடனே குடுத்துடறேன்" என்றாள். நான் குழலைத் துணியில் சுற்றத் தொடங்கினேன். சிவசங்கர், "குடுங்க சார், தேஞ்சா போயிடும்?" என்றார். இருபத்தாறு பேர் பார்த்துக்கொண்டிருந்தனர். கொடுத்தேன்.

ஒன்பது நிமிடம் வாசித்தாள். அவள் உதடு மூங்கிலின்மேல் ஈரமாக அழுந்துவதையும், விலகும்போது ஒரு நூலிழை எச்சில் மினுங்கி அறுவதையும் நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். முடித்ததும் குழலின் வாலிலிருந்து ஒரு சொட்டு நீர் என் வருகைப் பதிவேட்டின்மேல் விழுந்தது. அவள் முந்தானையால் துளையைத் துடைத்து, "தொடச்சிட்டேன் சார்" என்று நீட்டினாள். மற்றவர்கள் கைதட்டிக்கொண்டிருந்தனர். அன்று எனக்கு உணவு இறங்கவில்லை. தயிர்ச் சோற்றைப் பார்த்தபோதும் அந்தச் சொட்டே கண்முன் நின்றது.

உப்பு நீரில் கழுவினேன். எலுமிச்சை தேய்த்தேன். இரண்டு நாள் வெயிலில் வைத்தேன். ஒவ்வொரு முறையும் உதட்டருகே கொண்டுசென்றுவிட்டு மீண்டும் கழுவப் போனேன். சிவசங்கர் வாசித்தபோது எத்தனை முறை துடைத்தேன் என்று அம்மையார் கேட்டார். அன்று துடைக்கவில்லை, வாங்கியவுடன் வாசித்தேன். அவர் வெற்றிலை போடுபவர்தாம். ஆயினும் அவரை நான் நன்கறிவேன். அறிந்தவரின் வாயும் அறியாதவரின் வாயும் ஒன்றல்ல.

நான் சாதி பார்ப்பவன் அல்லன் என்பதையும் இங்கே பதிவு செய்ய விரும்புகிறேன். அவள் சமூகத்துப் பிள்ளைகள் எத்தனையோ பேருக்குக் குழல் கற்பித்திருக்கிறேன். ஒவ்வொருவரும் தத்தம் குழலைக் கொண்டுவந்தார்கள். எந்தச் சிக்கலும் நேர்ந்ததில்லை.

இனி அந்தக் குழல் எனக்கு உதவாது என்பது உறுதியாயிற்று. எறிய மனம் வரவில்லை. அவளுக்கே கொடுத்துவிடலாம் என்று எண்ணினேன். இதுவரை என் எண்ணத்தில் குற்றம் ஏதும் இல்லை என்பதை அம்மையார் கவனிக்க வேண்டும்.

பத்தாம் நாள் ஒவ்வோர் ஆசிரியரும் இருபது நிமிடம் வாசித்துக் காட்டி மாதிரி வகுப்பு எடுக்க வேண்டும். பாதியில் நிறுத்தினால் சான்றிதழ் கிடையாது. அன்புக்கரசி கான்ட்ராக்டில் இருப்பவள். சான்றிதழ் இருந்தால் ஜூன் மாதம் பெர்மனெண்ட் செய்வதாக அவள் பள்ளியில் கூறியிருந்தார்கள். இதை அவள் எல்லோரிடமும் சொல்லியிருந்தாள். எனக்கும் தெரியும்.

ஒன்பதாம் நாள் பிற்பகல் பேருந்தேறிக் காடாம்புலியூர் சென்றேன். தம்பியின் கொட்டகையில் முந்திரிக்கொட்டைத் தோட்டிலிருந்து வடியும் கறுப்பு எண்ணெய் தகர டப்பாவில் இருந்தது. அது பட்டால் தோல் வெந்து உரியும். அவ்வூரில் பிறந்த எவரும் இதை அறிவர். கொட்டை உடைக்கும் பெண்கள் கையில் சாம்பல் பூசிக்கொள்வது அதற்காகத்தான். நான் கையில் பாலித்தீன் பையை மாட்டிக்கொண்டு, துளையைச் சுற்றிலும் மெல்லியதாகப் பூசினேன். பழைய மூங்கில் ஆதலால் நிறம் வேறுபடவில்லை. புதிதாக எண்ணெய் இட்டதுபோல் அழகாகவே இருந்தது.

மறுநாள் மேடையில் அவளை அழைத்து, என் நினைவாக வைத்துக்கொள் என்று கொடுத்தேன். அவள் கண்கலங்கிக் காலைத் தொடக் குனிந்தாள். நான் பின்னால் நகர்ந்துகொண்டேன். என் அடக்கத்தைப் பாராட்டிச் சிவசங்கர் இரண்டு சொல் பேசினார்.

அவள் வாசிக்கத் தொடங்கினாள். இரண்டாம் அடியில் வாசிப்பு நின்றது. குழலை இறக்கி முகர்ந்தாள். மாணிக்கம்மாளின் மகளுக்கு அந்த வாசனை தெரியாதிருக்க வழியில்லை. நேராக என்னைப் பார்த்தாள். எழுந்து போய்விடுவாள் என்று எதிர்பார்த்தேன். எனக்கு வேண்டியதும் அவ்வளவே. ஆனால் மதிப்பீட்டாளர் கடிகாரத்தைப் பார்த்ததும் அவள் மீண்டும் குழலை உதட்டில் வைத்தாள். இருபது நிமிடமும் வாசித்தாள். முடிவில் கீழுதடு தடித்துச் சிவந்திருந்தது. நான் சான்றிதழில் கையொப்பமிட்டேன்.

மறுநாள் கொப்புளம் கண்டு, மூன்று வாரம் கஞ்சி குடித்தாளாம். அதன் பிறகு என்மீது புகார் கொடுத்தாள். ஆறிய இடம் தடித்து வெளுத்துவிட்டது. இப்போது ஊதினால் சுரத்துக்கு முன் வெறுங்காற்றே வருகிறது என்று மருத்துவச் சீட்டில் இல்லை. நேற்று விசாரணையில் அவளே ஊதிக் காட்டினாள். ஒரு காலத்தில் நன்றாக வாசித்தவள் என்பதால் கேட்கச் சங்கடமாக இருந்தது.

நான் ஏதும் அறியேன் என்றே அதுவரை கூறிவந்தேன். அப்போது மாணிக்கம்மாள் எழுந்தாள். என் முன் அவள் நாற்காலியில் அமர்ந்திருந்ததை நான் நேற்றுதான் பார்த்தேன். "அய்யா, இருவது வருசம் எங் கையி இதுல வெந்துகினு கெடந்துச்சி. இந்த நாத்தம் எனக்குத் தெரியாதா? உங்க தம்பி கொட்டா டப்பாவ நீங்க தொறந்ததப் பாத்த பொம்பளைங்களும் இருக்காங்க. கூப்புடட்டுமா?" என்றாள்.

அன்புக்கரசி தாயை உட்காரச் சொல்லிவிட்டுக் குழலை மேசைமேல் வைத்தாள். "அம்மா இத நாலு வாட்டி தேங்கா எண்ண போட்டுத் தொடச்சி, சீயக்கா போட்டுக் கழுவிட்டாங்க. நேத்து நானே வாசிச்சிட்டேன், ஒண்ணும் பண்ணல. சார் இத ஒரு வாட்டி வாயில வச்சி வாசிக்கட்டும் மேடம். தொடைக்கக் கூடாது. ஒரே ஒரு வாட்டி. நான் புகார வாபஸ் வாங்கிக்கிறேன்."

மறுத்தால் கோப்பு காவல் நிலையத்துக்குச் செல்லும் என்று கூறி, அம்மையார் எனக்கு ஒரு நாள் அவகாசம் தந்து, குழலையும் கொடுத்தனுப்பினார். என் மகன், "வாசிச்சிட்டு வந்துடுங்கப்பா, என்ன ஆயிடப் போவுது" என்கிறான்.

குழல் இப்போது என் எதிரே இருக்கிறது. முகர்ந்து பார்த்தேன், தேங்காய் எண்ணெய் மணமன்றி வேறில்லை. நச்சு நீங்கிவிட்டது என்பதில் எனக்கு ஐயமில்லை. காலையிலிருந்து வாய் கொப்பளித்துவிட்டு மூன்று முறை எடுத்தேன். மூன்று முறையும் விரலளவு தூரத்தில் கை நின்றுவிட்டது.

அவள்மீது எனக்கு எந்தக் காழ்ப்பும் இல்லை. இது தூய்மை பற்றியது மட்டுமே.

நான் வாசிக்கப் போவதில்லை. கோப்பைக் காவல் நிலையத்துக்கு அனுப்பிவிடலாம்.