குலவைக்குப் பிறகு

எனக்கு இனிப்பு பிடிக்காது. ஆனாலும் ஜோர்தானின் ஸர்க்கா நகரில் எங்கள் கல்லூரியின் சேர்க்கை அறையில், என் மேசைமேல், ஆகஸ்ட் முழுவதும் ஒரு தட்டு குனாஃபா இருக்கும். என் சொந்தச் செலவு.

நான் பொய் சொன்னேன் என்று நீங்கள் உங்கள் பத்திரிகையில் எழுதப் போகிறீர்கள். அதனால் இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒப்பந்தத்தில் ஒரு வரியைக்கூட நான் மறைத்ததில்லை. கட்டணம் எப்போது திரும்பும், எப்போது திரும்பாது, எல்லாவற்றையும் வாய்விட்டு, நிறுத்தி வாசிப்பேன். வரிசையை மட்டும் நானே அமைத்துக்கொண்டேன்.

முதலில் வாழ்த்து. பிறகு தட்டை நகர்த்துவேன். தாய் கண்ணைத் துடைத்துக்கொண்டு, நாக்கைச் சுழற்றிக் குலவையிடுவாள். வெளியே காத்திருக்கும் தாய்மார்கள் பதில் குலவை கொடுப்பார்கள். அந்தச் சத்தம் அடங்கியதும் பணம் திரும்பும் விதிகளைத் தொடங்குவேன். இட்ட குலவையைத் திரும்பப் பெற எங்கள் ஊரில் எந்தக் குடும்பத்துக்கும் துணிச்சல் கிடையாது. அதற்குப் பிறகு யாரும் கேள்வி கேட்பதில்லை.

ஷுரூக் கேட்டாள். இயன்முறை மருத்துவம் படிக்க வந்தவள். அவள் தாய், மூத்த மகன் ஹைதமின் பெயரால் உம் ஹைதம் என்று அழைக்கப்படுபவள், கல்யாண வளையல்களை விற்றுப் பணம் கொண்டுவந்திருந்தாள். மணிக்கட்டுகளில் வளையல் இருந்த இடம் வெளுத்திருந்தது. நான் தட்டை நகர்த்தும்போதே அந்தப் பெண் பேசினாள்.

"உஸ்தாத், அம்மா சந்தோஷப்படறதுக்கு முன்னாடி ஒண்ணு கேக்கணும். இந்தப் படிப்புக்கு அரசாங்க அனுமதி வந்திருச்சா?"

நான் தாயின் பக்கம் திரும்பினேன். "உம் ஹைதம், இனிமே உங்க முட்டிவலிக்கு வீட்டுலயே ஆள் இருக்கு. வாழ்த்துகள்."

அவள் சிரித்தாள், குலவையிட்டாள். பிறகு வாசித்தேன். அனுமதி கிடைக்காவிட்டாலும் கட்டணம் திரும்பாது. ஏழு நாட்களுக்குள் பெற்றோர் கையெழுத்தோடு விலகினால் மட்டும் முழுத் தொகை. வாயில் இனிப்போடு உம் ஹைதம் கையெழுத்திட்டாள். ஷுரூக் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பார்வையை நான் மன்னிக்கவில்லை. சந்தோஷப்படத் தெரியாதவர்களை எனக்குப் பிடிக்காது.

ஆறாவது நாள் தனியாக வந்தாள். வெளியே விசாரித்திருந்தாள், அனுமதி இல்லை என்று தெரிந்துகொண்டிருந்தாள். தாயின் கையெழுத்து வேண்டும் என்றேன்.

"அம்மா தெருவுக்கே இனிப்பு குடுத்துட்டாங்க, உஸ்தாத். மாமா சந்தோஷத்துல வானத்தப் பாத்து துப்பாக்கியால சுட்டாரு. நான் எந்த வாயால சொல்றது? நீங்களே சொல்லுங்க. நல்லாத்தானே வாசிக்கறீங்க."

நான் தொலைபேசியில் அவள் தாயை அழைத்து, கல்லூரியிலிருந்து பேசுகிறேன், உங்கள் மகள் ஏதோ சொல்ல வேண்டுமாம் என்றேன். அவ்வளவுதான். கல்லூரி என்ற சொல்லைக் கேட்டதுமே அந்தப் பக்கம் மறுபடி குலவை எழுந்தது. அண்டைவீட்டுப் பெண்கள் சிரிப்பதும் கேட்டது. கருவியை அவளிடம் நீட்டினேன்.

அவள் அதைக் காதில் வைத்துக்கொண்டு அந்தக் குலவை அடங்கும்வரை கேட்டாள். காத்திருந்தேன்.

"ஒண்ணுமில்லம்மா. புத்தகம் வாங்கணும்" என்றாள்.

மூன்று வருடம் படித்தாள். எந்த மருத்துவமனையும் அந்தச் சான்றிதழைத் தொடவில்லை. உம் ஹைதம் மகளை அழைத்துக்கொண்டு என் அறைக்கு வந்தாள். கத்துவாள் என்று நினைத்தேன். "யாராவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே, உஸ்தாத்" என்று மட்டும் கேட்டாள்.

உண்மையைச் சொன்னேன். "உங்க மகளுக்குத் தெரியும். ஆறாம் நாளே இங்க வந்தா. உங்ககிட்டதான் மறைச்சிட்டா."

தாய் தன் வெறும் மணிக்கட்டைப் பார்த்தாள். பிறகு மகளைப் பார்த்தாள். இருவரும் தனித்தனியாகப் படியிறங்கினார்கள். ஷுரூக் வீட்டைவிட்டுப் போய்விட்டாள், எங்கே என்று தாய்க்கே தெரியாது என்பதெல்லாம் நீங்கள் சொல்லித்தான் தெரியும்.

அந்தப் படிப்புக்கு அனுமதி மறுக்கப்பட்டது எனக்கு எப்போது தெரியும் என்று கேட்கிறீர்கள். ஷுரூக் சேர்ந்த அந்த ஆகஸ்டுக்கு முன்பே தெரியும். இயக்குநர் என்னிடம் நேரில் சொன்னார். அது ஒப்பந்தத்தில் இல்லை. இருந்திருந்தால் அதையும் வாசித்திருப்பேன்.

எனக்கும் ஒரு மகள் உண்டு. லுஜைன். இந்த ஆகஸ்டில் அவளைத் தலைநகர் அம்மானில் ஒரு கல்லூரியில் சேர்க்கப் போனோம். அங்கேயும் மேசைமேல் ஒரு தட்டு இருந்தது. வாழ்த்துகள் என்றார் அந்த மனிதர். என் மனைவி குலவையிட வாயெடுத்தாள். நான் அவள் கையை அழுத்திப் பிடித்தேன்.

"இரு" என்றேன். "மொதல்ல வாசிச்சு முடிக்கட்டும்."