பேசுகிறவருக்கும் பேசாதவருக்கும் ஒரே மேசை

இந்த இரங்கல் கூட்டத்துக்குத் தலைமையேற்றிருக்கும் தொழிற்சங்கச் செயலர் மாரிச்சாமி ஐயா அவர்களே, மகனை இழந்து நிற்கும் தெய்வம்மா அவர்களே, நடுவட்டம் கதையாட்டக் குழுவின் நண்பர்களே, வணக்கம்.

சென்ற வியாழக்கிழமை மழையில் சரிந்த மண், நம் தினகரன் அண்ணனைக் கொண்டுபோய்விட்டது. தேயிலை ஃபேக்டரி மெக்கானிக். நம் ஆட்டத்தின் நடுவர். முப்பத்தாறு வயது. அது சாகிற வயதா?

ஆளுக்கொரு பாத்திரமாகிப் பேசி, பகடை உருட்டிக் கதையை நகர்த்தும் ஆட்டம் நம்முடையது. அவர் முதலில் வாங்கிவந்த விதிப் புத்தகத்தில் சண்டைக்கு அறுபது பக்கம். பேச்சுக்கு ஒரே பக்கம். ஒருநாள் ஆட்டத்தில், கொள்ளைக்காரனிடம் பிணைக்கைதிகளை விடச்சொல்லி சுகுணா அக்கா பத்து நிமிடம் பேசினார். நாங்கள் மூச்சுவிடாமல் கேட்டோம். ஆனால் பேச்சு பலித்ததா என்று சொல்வது பகடைதான். அதில் இரண்டே விழுந்தது. தோற்றார்!

"பேசுனதுக்கு மதிப்பில்லன்னா வாய் எதுக்குங்க? மேஸ்திரிகிட்ட மூடிட்டு இருக்கறது பத்தாதா?" என்றார்.

அண்ணன் அன்றே விதியை மாற்றினார்: நன்றாகப் பேசினால் பகடை வேண்டாம்.

அதுவும் தவறாகிப்போனது. பாபு அண்ணன் கேட்டார்: "ஏனுங்க, ஆட்டத்துல என்ற பாத்திரம் ராஜதந்திரி. நான்தான் திக்கிப் பேசறவன். எனக்காக அவன் எதுக்குங்க தோக்கோணும்?"

எனக்கு நாலு பேர் முன்னால் பேச்சே வராது; இதைக்கூட எழுதிவைத்துத்தான் படிக்கிறேன். நான் கேட்கக்கூட இல்லை, வருவதை நிறுத்திவிட்டேன். மூன்றாம் வாரம் அண்ணன் என் வீட்டு வாசலில் வந்து நின்றார். "தங்கச்சி, பேசாதவங்களுக்கு என் விதியில எடமில்லாமப் போச்சு. தப்பு என்னுது. வா, சேர்ந்து திருத்துவோம்." எத்தனை பேர் இப்படிச் சொல்வார்கள்? எத்தனை பேர்!

திருத்தி முடிப்பதற்குள் பாபு அண்ணனும் சுகுணா அக்காவும் எந்த விதி சரி என்று சண்டையிட்டுப் பேச்சை விட்டார்கள். புது விதியோடு வருவதாகச் சொன்ன சனிக்கிழமை, அவரைத்தான் தூக்கிக்கொண்டு போனோம். அவர் நோட்டில் ஒரே ஒரு வரி: 'பேச விரும்புகிறவர் பேசட்டும், விரும்பாதவர்...' அதற்கு மேல் வெள்ளைத்தாள்.

இப்போது இருவரும், பேச்சுக்கு ஒரு மேசை, பகடைக்கு ஒரு மேசை என்கிறார்கள். இருப்பது ஆறு பேர். பிரிந்தால் இரண்டு மேசையும் ஒரு மாதம் தாங்காது.

நடுவர் நாற்காலியில் நான் உட்காருகிறேன். அந்த வரியை முடிக்கிறேன். முதல் வாரமே என் விதியும் தவறாகப் போகும். முகத்துக்கு நேரே சொல்லுங்கள், மறுபடி எழுதுகிறேன்.

பாபு அண்ணா, சுகுணா அக்கா, வருகிற சனிக்கிழமை ஒரே மேசைக்கு வருவீர்களா? இங்கேயே, அவருடைய அம்மா முன்னால் சொல்லுங்கள்.